கொம்பனித்தெருவின் குடிகள்

கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே, பேர வாவியின் கரையிலே அமைந்துள்ள ஊர்ப்பகுதி கொம்பனித்தெருவாகும். தமிழர் இதனைக் கொம்பனித்தெரு என்றும், சிங்களவர் கொம்பஞ்ஞ வீதிய என்றும் வழங்குவர். ஆங்கிலேயரோ இதற்கு அடிமைத்தீவு எனப் பொருள்படும் பெயரை இட்டனர். கொம்பனி என்பது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி. ஆகவே, ஒரு பெயர் ஆண்டவரைச் சுட்ட, மற்றது அவர்க்கு அடிமைப்பட்டவரைச் சுட்டுகின்றது. அவ்விடத்தை இல்லமாக்கிக் கொண்ட மக்களை இவ்விரு பெயர்களும் முழுமையாகக் காட்டவில்லை. அம்மக்களின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டையின் காவலுக்கெனப் போர்த்துக்கீசர் வாவியை அமைத்தனர். 1656ஆம் ஆண்டில் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கிழக்காபிரிக்காவிலிருந்தும் இந்தியக் கரைகளிலிருந்தும் கீழைத்தீவுகளிலிருந்தும் அடிமைகளைக் கொணர்ந்தனர். பகலெல்லாம் கோட்டையிலே உழைத்த அவர்கள், இரவில் நீர்சூழ்ந்த இந்நிலத்திலே அடைத்து வைக்கப்பட்டனர் என்பது மரபுவழிச் செய்தி. இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டிலேயாம். விலங்கு நீங்கிய பின்னரும் பெயர் நீங்கவில்லை.

அடுத்து நோக்கற்பாலர் மலாயர். யாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும், நாடு கடத்தப்பட்ட அரசகுலத்தவராகவும் அவர்களை இங்கே கொண்டு வந்தவரும் ஒல்லாந்தரே. 1796ஆம் ஆண்டில் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது மலாய் வீரரும் புதிய ஆட்சியாளரின் படையிற் சேர்ந்தனர். அப்படை 1827ஆம் ஆண்டு முதல் இலங்கை றைபிள் படை எனப் பெயர் பெற்றது. 1873ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டது. படை கலைந்தமையால் குடி கலைந்துவிடவில்லை. வீரராயிருந்தோரிற் பலர் பொலிஸ் சேவையிலும் தீயணைப்புச் சேவையிலும் தோட்டங்களிலும் தொழில் பெற்று இந்நாட்டிலேயே நிலைத்தனர். மலே வீதி, யாவா ஒழுங்கை, றைபிள் வீதி என்னும் பெயர்கள் அவர்தம் வரலாற்றுக்குச் சான்று பகர்வன.

வந்தேறியவர் எப்போது குடிகளாயினர்? தம் மக்களுக்கும் மக்களின் மக்களுக்கும் வேண்டியவற்றை அவர்கள் கட்டத் தொடங்கிய காலத்திலே எனலாம். வேக்கந்தைப் பள்ளிவாசல் 1786ஆம் ஆண்டில், பாண்டன் பாலி என்னும் மலாயப் பெருமகன் ஈந்த நிலத்திலே எழுந்தது. கொழும்பு மலாய்க் கிரிக்கெற் கழகம் 1872ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1869இல், பாபா யூனுஸ் சல்தீன் என்பார் மலாய் மொழியில், அரபெழுத்தில், கொழும்பிலிருந்து ஓர் இதழ் வெளியிட்டார். அவ்விதழின் பெயர் 'அலாமத் லங்காபுரி'. மொழி மூதாதையரது, எழுத்து சமயத்தது, பெயரிலே நின்ற நாடோ இலங்கை. தாம் எந்நாட்டவர் என்பதனை அவர்கள் இதனினும் தெளிவாக உரைத்தல் இயலுமோ?

இங்குள்ள கியூ வீதியின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. இலண்டன் மாநகரின் கியூத் தோட்டத்தை நினைவூட்டும் பெயருடன் 1810ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் ஈண்டொரு தாவரத் தோட்டம் அமைத்தனர். வெள்ளத்தால் அது நிலைக்கவில்லை. முதலிற் களுத்துறைக்கும், பின்னர் 1821இல் பேராதனைக்கும் மாற்றப்பட்டது. செடிகள் பெயர்ந்தன, மாந்தர் வேரூன்றினர். அவ்வீதியிலேயே தமிழர் வழிபடும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் விளங்குகின்றது. கத்தோலிக்கரின் தேவாலயமும் இப்பகுதியில் உண்டு. அயலிலே, கங்காராமை விகாரையைச் சார்ந்த சீமமாலகம் வாவியின் நீர்மேல் நிற்கின்றது. 1976ஆம் ஆண்டில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா புதிதாக வரைந்த அப்பௌத்த மண்டபத்துக்குப் பொருள் உதவியவர், தம் மகனின் நினைவைப் போற்ற விரும்பிய ஓர் இஸ்லாமிய வணிகர் என்பது கருதத்தக்கது.

அயலாராய் வாழ்ந்தமையின் சுவடுகளை மொழியிலும் காணலாம். இலங்கை மலாயரின் பேச்சிலே சொற்கள் மலாய். வாக்கிய அமைப்போ பெரிதும் தமிழையும் சிங்களத்தையும் தழுவியது. நாம் நாள்தோறும் உண்ணும் சம்பலின் பெயர் மலாய்ச் சொல்லாகும். வட்டிலப்பம் மலாயர் தந்த பண்டம் என்பர். அதன் பெயரிலோ தமிழ் ஒலிக்கின்றது. கொடுத்தவர் யார், கொண்டவர் யார் எனப் பிரித்தறிதல் அரிது.

எனினும் இவ்வூரின் வரலாறு முழுதும் இனிமையானதன்று. 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட றியோ திரையரங்கு தமிழர்க்குரியது என்பதனால், 1983ஆம் ஆண்டு யூலை வன்செயலின்போது தீக்கிரையாயிற்று. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் மியூஸ் வீதியிலே மக்களின் இல்லங்கள் இடித்தகற்றப்பட்டன. அதன் பின்னரும் ஒழுங்கைகள் பல மறைய, வானளாவிய மாடங்கள் எழுந்துள்ளன. ஆங்கிலத்திலும் இவ்விடத்தைக் கொம்பனித்தெரு எனவே வழங்குதல் வேண்டும் என 2022ஆம் ஆண்டில் அரசு பணித்தது. இழிபெயர் அகன்றது நன்றே. ஆயின், பெயரைத் திருத்தும் வேளையில் அப்பெயருக்குரிய மக்களை அகற்றுவது நன்றாகுமோ?

இங்கு முதலில் வந்தோருட் பலர் தாமாக விரும்பி வந்தவரல்லர். அடிமை விலங்கினால் வந்தான். வீரன் ஆணையினால் வந்தான். தொழிலாளி வறுமையினால் வந்தான். பிறர் ஏவலால் வந்து சேர்ந்த இடத்தைத் தம் உழைப்பினாலும் வழிபாட்டினாலும் அயலன்பினாலும் அவர்கள் சொந்த ஊராக்கினர். ஓரிடத்துக்கு உரியவர் யார் என்னும் வினாவுக்கு, முதலில் வந்தவர் யார் என்று தேடுவது விடையாகாது. அவ்விடத்தை வாழத்தக்கதாக்கியவர் யாரென ஆராய்வதே வரலாறு பயில்வோர் கடனாகும்.