தேய்மானம்: பேரேட்டிலும் எண்ணெயிலும்



வணிகவியல் படிக்கிறவர்களுக்கு 'தேய்மானம்' என்ற சொல்லைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இயந்திரத்தின் அடக்கவிலையில் இருந்து இறுதி மதிப்பைக் கழித்து, மீதியை ஆயுட்காலத்தால் வகுத்தால் நேர்க்கோட்டு முறை. ஆண்டுதோறும் மிச்சமிருக்கும் மதிப்பில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கழித்தால் குறைந்துசெல் மதிப்பு முறை. இரண்டுக்கும் ஒன்று பொது. இயந்திரத்தின் பக்கத்தில் போய் யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை :-)

ஆனால் ஒரு இயந்திரம் நிஜமாகவே எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அதில் எந்தப் பாகம் தேய்கிறது என்பதை அதைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. உள்ளே ஓடும் மசகு எண்ணெயில் ஒரு சின்ன பாட்டில் அளவு எடுத்துச் சோதிப்பது. இந்த வழி எங்கே பிறந்தது, நம்ம பக்கம் எப்படி வந்தது, எங்கே வராமலே நின்றுபோனது என்று இந்தப் பதிவில் பார்ப்போம்.

சிப்பியில் எடுத்த மாதிரி

மாதிரி எடுத்துப் பார்ப்பது நம்ம கடற்கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அரசு எடுத்த எடுப்பிலேயே அதை அறிவித்துவிடாது. முதலில் பார்களில் இருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து என்று கணக்குப் பார்த்து, கட்டுப்படியானால்தான் குளிப்பு. கிடைத்த முத்துகளை அளவுவாரியாகப் பிரிக்க, துளை போட்ட பித்தளைச் சல்லடைகள் வரிசையாக இருந்தன. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசித் தொடர் முத்துக்குளிப்பு.

கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தை அறிவது, அளவுவாரியாகப் பிரிப்பது. இந்த இரண்டும் எண்ணெய்ச் சோதனையிலும் வரப்போகிறது.

ரயிலில் தொடங்கிய கதை

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் நீராவி என்ஜினை விட்டு டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. டீசல் என்ஜின் விலை அதிகம். நடுவழியில் நின்றால் நஷ்டம் அதைவிட அதிகம். 1946-ல் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் என்ற ரயில்வேயின் ஆய்வுக்கூடம், ஓடிய எண்ணெயில் இருக்கும் உலோகங்களை அளந்து என்ஜின் கோளாறைக் கண்டுபிடித்துக் காட்டியது.

இதற்கு உதவிய கருவி ஸ்பெக்ட்ரோகிராஃப். எண்ணெயை மின்பொறியில் எரித்தால் அதில் உள்ள ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளிவிடும். அந்த ஒளியைப் பிரித்து அளந்தால், எந்த உலோகம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்று தெரியும்.

உலோகம் தெரிந்தால் பாகத்தை ஊகிக்கலாம். இரும்பு கூடினால் லைனர், கிராங்க் ஷாஃப்ட் போன்றவை. செம்பு, ஈயம், வெள்ளீயம் என்றால் பெரும்பாலும் பேரிங். அலுமினியம் என்றால் பிஸ்டன் பக்கம். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியாக மண்தூசி போகிறது. சோடியம் கூடினால் குளிரூட்டும் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கடலில் ஓடும் என்ஜின் என்றால் உப்புத்தண்ணீராகவும் இருக்கலாம்.

1950களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை இதை விமான என்ஜின்களுக்கு எடுத்துக்கொண்டது. ரயில் நின்றால் தண்டவாளத்தில் நிற்கும். விமானம் எங்கே நிற்கும்?

காயல்பட்டினம் வழியாக ஓடிய என்ஜின்

இந்திய ரயில்வேக்கு அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்து டீசல் என்ஜின்கள் 1950களின் பிற்பகுதியில் இருந்து வந்தன. 1964-ல் வாரணாசி தொழிற்சாலையில் இங்கேயே கட்டத் தொடங்கினார்கள். மீட்டர் கேஜுக்கு வந்தது ஒய்டிஎம்-4. திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை 2008-ல் அகலப்பாதை ஆனது. அதற்கு முன் தென்மாவட்ட மீட்டர் கேஜ் பாதைகளில் பல ஆண்டுகள் ஓடியது இந்த வகை என்ஜின்தான். காயல்பட்டினம் ஸ்டேஷனில் நின்று போன ரயில்களை இழுத்ததும் அதுதான்.

இந்த என்ஜின்களில் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் இருக்கும். டீசல் ஷெட்டுக்கு என்ஜின் வரும்போது எண்ணெய் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது ரயில்வேயில் வழக்கமான வேலை. வடிகட்டும் தாளில் ஒரு சொட்டு விட்டு, பரவும் கறையைப் பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. நடுவில் அடர்ந்த கறுப்பாக நின்றுவிட்டால், கரியைத் தாங்கும் சக்தி எண்ணெய்க்குக் குறைந்துவிட்டது என்று பொருள். அது எண்ணெயின் நிலைமையைச் சொல்லும். என்ஜினின் நிலைமையைச் சொல்ல உலோகக் கணக்குதான் வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். ஒரே ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. நேற்று எண்ணெய் மாற்றியிருந்தால் எல்லா அளவும் குறைவாகத்தான் காட்டும். அதனால் எண்ணெய் மாற்றி எத்தனை மணி நேரம் ஓடியது என்ற குறிப்பு வேண்டும். மாதிரியை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், சூடு ஆறுவதற்கு முன் எடுக்க வேண்டும். ஆறினால் துகள்கள் அடியில் தங்கிவிடும். ஒரு வருடத்து இருப்புநிலைக் குறிப்பை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியை எடைபோடாமல், ஐந்து வருடப் போக்கைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

கருவிக்குத் தெரியாத துகள்

ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஒரு பெரிய குறை உண்டு. சில மைக்ரான் அளவுள்ள துகள்களை மட்டுமே அது ஒழுங்காக எண்ணும். பெரிய துகள்கள் மின்பொறியில் முழுதாக எரிவதில்லை. ஆனால் ஒரு பேரிங் உடையப்போகும் நேரத்தில் உதிர்வது பெரிய துகள்கள்தான்! அதாவது ஆபத்து கூடும்போது கருவி "எல்லாம் சரி" என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது.

இந்த ஓட்டையை அடைத்தது ஃபெர்ரோகிராஃபி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெர்னான் வெஸ்ட்காட் உருவாக்கியது. சாய்வாக வைத்த கண்ணாடித் தகடு, அதன் அடியில் பலமான காந்தம், மேலே மெதுவாக வழியும் எண்ணெய். அவ்வளவுதான். பெரிய இரும்புத் துகள்கள் முதலில் படியும், சிறியவை தள்ளிப் படியும். நம்ம பித்தளைச் சல்லடைகள் நினைவுக்கு வருகிறதா?

பிறகு தகட்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மெல்லிய சிறு செதில்கள் என்றால் சாதாரணத் தேய்மானம். கடைசல் பட்டறையில் விழும் சுருள் போல இருந்தால், கடினமான ஏதோ ஒன்று உலோகத்தைச் சீவுகிறது. மிகச் சிறிய உருண்டைகள் நிறைய இருந்தால், உருளும் பேரிங்கில் களைப்பு விரிசல் தொடங்கியிருக்கலாம். துகள் எவ்வளவு என்பதோடு எப்படி உண்டானது என்பதும் இப்போது தெரிந்தது. 1970களிலேயே அமெரிக்கக் கடற்படைக்காக இந்த வடிவங்களைப் படம்பிடித்து ஒரு தொகுப்பும் வந்தது. பின்னர் மனிதனின் முழங்கால் மூட்டுத் திரவத்தைக்கூட இதே முறையில் சோதித்துப் பார்த்தார்கள். மூட்டும் தேய்கிறதுதானே!

கணக்கு யார் பக்கம்?

1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்நாட்டுத் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்ட் மிச்சப்படுத்தலாம் என்றது. இதைப் படித்தபோது இந்த வரலாறு முழுவதும் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. எங்கே இயந்திரம் நிற்பதால் வரும் நஷ்டத்தை யாரோ உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்களோ, அங்கேதான் எண்ணெய்ச் சோதனை போயிருக்கிறது. ரயில்வே, விமானம், மின்நிலையம் என்று.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979 முதல் 1992 வரை அங்கே 210 மெகாவாட் அலகுகள் ஐந்து நிறுவப்பட்டன. முழுத் திறனில் ஓடும் ஒரு அலகு ஒரு நாள் நின்றால் 50.4 லட்சம் யூனிட் மின்சாரம் போச்சு. அதற்கு முன்னால் ஒரு பாட்டில் எண்ணெயைச் சோதிக்கும் செலவு எம்மாத்திரம்?

அதே தூத்துக்குடியில் இருந்துதான் விசைப்படகுகளும் கடலுக்குப் போகின்றன. பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன தோணிகளிலும் பின்னாளில் என்ஜின் ஏறியது. அந்த என்ஜின்களிலும் இதே லைனர், இதே பேரிங், இதே எண்ணெய். மன்னார் வளைகுடாவில் 1976 ஒப்பந்தப்படி கடல் எல்லை இருக்கிறது. என்ஜின் நின்ற படகுக்கு அந்தக் கோடு தெரியாது. காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போகும். அங்கே நிற்பது யூனிட் கணக்கு அல்ல, ஆட்களின் உயிரும் சுதந்திரமும்.

ஒரு படகுக்காரர் தனியாக ஆய்வுக்கூடம் தேடிப் போவது கட்டுப்படியாகாதுதான். ஆனால் நூறு படகுகளுக்குச் சேர்த்து ஒரு ஏற்பாடு என்றால் கணக்கு மாறும். மாறாச் செலவை அலகுகளின் எண்ணிக்கையால் வகுக்க நமக்கு வகுப்பில் சொல்லித்தரத்தானே செய்கிறார்கள்? மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மாதிரி எடுக்க ஒரு சுத்தமான பாட்டிலும், ஓடிய மணி நேரத்தை எழுத ஒரு நோட்டும் போதும். அதுவும் முடியாதபோது, வடித்த எண்ணெயில் ஒரு காந்தத்தை விட்டுப் பார்ப்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது. கையில் உரசினால் தட்டுப்படும் இரும்புத் துண்டுகள் ஒட்டி வந்தால், அந்தப் படகு அடுத்த நாள் கடலுக்குப் போகக்கூடாது.

உங்கள் ஊரில் படகு, லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்கள் யாராவது எண்ணெயைச் சோதித்துப் பார்க்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.