திரிபு: அகரத்துச் சங்கிலியும் இமயத்துப் பிளவும்

பெங்களூரின் ஈஜிபுராவில் நிலநடுக்கம் அன்றாடப் பேச்சில் இடம்பெறுவதில்லை. தீபகற்பத்தின் பழம்பாறைமேல் அமர்ந்த பகுதி அது. ஆயினும், புவியோட்டின் பிளவுகளில் விசை சேர்வதை மனிதர் அளந்தறிந்த வரலாற்றின் ஒரு தொடக்கம் அதன் அருகிலேயே நிகழ்ந்தது.

சீரங்கப்பட்டணம் வீழ்ந்த மறு ஆண்டான 1800இல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வில்லியம் லாம்ப்டன் அகரத்துக்கும் பாணசவாடிக்கும் இடையே ஏறத்தாழ 7.4 மைல் நீளமுள்ள ஆதாரக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம். இம்முறையிலேயே 1802இல் பரங்கிமலை அருகே அவர் மீண்டும் தொடங்கிய பணி, பிற்காலத்தில் மாபெரும் முக்கோண அளவை என்னும் பெயருடன் இமயம் வரை சென்றது. அதன் நோக்கம் வரைபடமும் ஆட்சியும். அளந்த நிலம் அசையாது நிற்கும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை.

1897 ஜூன் 12 அன்று அந்நம்பிக்கை உடைந்தது. ஷில்லாங் மேட்டுநிலத்தைக் குலைத்த நிலநடுக்கத்தின் பின் மலையுச்சிகளை மீண்டும் அளந்தபோது, அவற்றின் இடைத்தொலைவுகள் மீட்டர் கணக்கில் மாறியிருந்தன. ரிச்சர்ட் ஓல்டாம் 1899இல் அவற்றைப் பதிவு செய்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2001இல், ரோஜர் பில்ஹாமும் பிலிப் இங்லண்டும் அதே பழைய எண்களிலிருந்து, மேட்டுநிலத்தின் வடவிளிம்பு குறைந்தது 11 மீட்டர் உயர்ந்தது எனக் கணித்தனர். மண்ணுள் மறைந்திருந்த பிளவுக்கு ஓல்டாமின் பெயரையே இட்டனர்.

இதற்குரிய விளக்கம் வேறொரு நிலத்திலிருந்து வந்தது. 1906இன் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவைகளை ஒப்பிட்டு, ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910இல் மீள்தன்மைக் கோட்பாட்டை வகுத்தார். பிளவின் இருபுறமும் எதிரெதிரே நகர முயல்கின்றன. உராய்வு அவற்றைப் பூட்டி வைக்கிறது. பாறை வில்லாக வளைகிறது. உள்ளே பெருகும் விசைக்குத் தகைவு என்றும், வடிவ மாற்றத்துக்குத் திரிபு என்றும் தமிழ்ப் பாடநூல்கள் பெயரிட்டுள்ளன.

திரிபு இலக்கணத்துக்கும் உரிய சொல். பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடமாகையில் னகரம் றகரமாகத் திரிகிறது. பிரித்தால் பழைய எழுத்து மீள்கிறது. பாறையின் திரிபும் அவ்வாறே மீளக்கூடியது. பூட்டு உடைந்து பாறை சட்டென மீளும் அந்தக் கணமே நிலநடுக்கம்.

1990களில் சங்கிலியின் இடத்தைச் செயற்கைக்கோள் பிடித்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் அமைந்த ஜிபிஎஸ் நிலையம் உலக வலையமைப்பில் சேர்ந்தது. தென்னிந்தியா தன்னளவில் பெரிதும் வளையாமல், ஒரே பலகைபோல் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்வது தெளிவாயிற்று. அதில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டரை நேபாள இமயம் தாங்குகிறது. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் அற்பம். நூறாண்டுக்கு அது 2 மீட்டர்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 உயிர்களைப் பறித்த நிலநடுக்கம் இச்சேமிப்பின் ஒரு பகுதியையே விடுவித்தது. உடைவு நிலப்பரப்பை எட்டவில்லை. அதற்கு மேற்கே, 1505க்குப் பின் பெருநிலநடுக்கம் காணாத நீண்ட பகுதி இருக்கிறது. ஐந்து நூற்றாண்டுக் கணக்கு ஏறத்தாழ 10 மீட்டர். உடையும் நாளை எவரும் குறிக்க முடியாது. சேர்ந்த கடனை மட்டும் கணக்கிடலாம். அவ்வளவே கட்டட விதிகளை வகுக்கவும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வலுப்படுத்தவும் போதுமான காரணம்.

தென்னிலமும் முற்றிலும் விலக்குப் பெற்றதன்று; 1900இன் கோயம்புத்தூரும் 1993இன் கில்லாரியும் அதற்குச் சான்று. அங்கே திரிபு மிக மெல்லச் சேர்வதால் ஓராயுளில் அளவிடுவது கடினம். ஆகவே அளவைக் கற்கள் வெறும் நினைவுச்சின்னங்கள் அல்ல. நிலத்தின் திரிபை அறிய இரு காலத்து அளவுகள் வேண்டும். முந்தைய அளவின் புள்ளியைக் கட்டடங்களுக்கு அடியில் இழந்துவிட்டால், பிந்தைய அளவு எவ்வளவு நுட்பமாயினும் ஒப்பிட ஏதும் எஞ்சாது.