நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட சில்வியா

திருகோணமலையில் சித்திரை வருடப்பிறப்பு வந்தால் எங்கள் வீட்டில் முதல் வழக்கு, மருத்துநீர் எத்தனை மணிக்கு வைப்பது என்பதுதான். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறொன்று சொல்லும். அம்மா வாக்கியம். கணக்குப் படிப்பித்தே தலை நரைத்த நான் திருக்கணிதம். என் கட்சியின் மூத்தவர்களில் ஒருவரான சிந்தாமணி ரகுநாதாச்சாரியைத் தேடிப் போனவன், சில்வியா என்ற சிறுகோளில் போய் நின்றேன்.

ரகுநாதாச்சாரி மதராஸ் வானாய்வகத்தில் முதல் உதவியாளர். பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடி, திருத்திய கணிதத்தில் பஞ்சாங்கமும் வெளியிட்டவர். அவருடைய மேலதிகாரி நோர்மன் பொக்சன், 1861இல் அரசாங்க வானியலாளராக வந்தவர். நட்சத்திரப் பிரகாசத்தை அளக்க உலகம் இன்றும் பாவிக்கும் திட்டம் அவருடையதே: ஐந்து படி இறங்கினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு.

வந்த வருடமே ஏப்ரல் 17 அன்று பொக்சன் ஒரு சிறுகோளைப் பிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது அது, பெயரும் ஏசியா. 1864இல் சாஃபோ. 1866 மே 16 அன்று சில்வியா, வரிசையில் 87ஆவது. சிறுகோளைப் படம் எடுத்துத் தேடும் வழக்கம் வராத காலம். வானத்தில் ஒரு துண்டை எடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களை வரைபடத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று கண்ணில் பட்டால், அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் புள்ளியோ வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி நட்சத்திரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் மங்கல். மதராஸில் கத்திரி வெயில் மாதம் வேறு.

அதே 1866இல்தான் அமெரிக்காவில் டானியல் கேர்க்வுட், சிறுகோள் பட்டியில் இடையிடையே வெற்றிடங்கள் இருப்பதைச் சொன்னார். வியாழன் ஒரு சுற்று வருவதற்குள் சரியாக இரண்டு சுற்று வரும் தூரத்தில் சிறுகோள்கள் மிக அரிது. வியாழன் மீண்டும் மீண்டும் ஒரே கணக்கில் இழுப்பதால் அங்கே நிலைத்து நிற்க முடியாது. சில்வியா அந்த வெற்றிடத்துக்கும் அப்பால், பூமியைப்போல் மூன்றரை மடங்கு தூரத்தில், ஒரு சுற்றுக்கு ஆறரை வருடம் எடுத்து ஓடுகிறது. சராசரி விட்டம் சுமார் 270 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஓடும் தூரம் என்று வையுங்கள். அவ்வளவு பெரிசு, ஆனால் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூட. உடைந்த கற்கள் இடைவெளி விட்டுச் சேர்ந்த குவியல் என்பதே ஆய்வாளர் முடிவு.

பொக்சன் வைத்தது ரோமப் புராணத்து ரேயா சில்வியாவின் பெயர், ரோமுலஸ், ரேமுஸ் என்ற இரட்டையரின் தாய். 2001இல் ஹவாயிலிருந்து இதற்கு ஒரு துணைக்கோளும், 2004இல் சிலியிலிருந்து எடுத்த படங்களில் இன்னொன்றும் தெரிந்தன. பெயர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இரண்டு துணைக்கோள்களோடு அறியப்பட்ட முதற் சிறுகோள் சில்வியாதான்.

சில்வியாவைக் கண்டது பொக்சன். அதில் பங்கு கேட்க வேண்டியதில்லை. ரகுநாதாச்சாரிக்குச் சொந்தக் கணக்கு இருக்கிறது. 1867இல் தென்வானில் ஆர் ரெட்டிகியூலி என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டார். 1872இல் லண்டன் அரச வானியற் சங்கத்தில் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சனங்களுக்கு விளங்கும்படி புத்தகம் எழுதினார். 1880இல் காலமானார். பள்ளிக்கூடத்தில் கலிலியோவைப் படிப்பித்த நாங்கள் இவரைப் படிப்பிக்காமல் விட்டது அநியாயம்.

நம்மூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் ஒரு பகல் ஒதுக்குங்கள். நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளவில், வானாய்வகம் எழுந்த 1792ஆம் ஆண்டின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. உள்ளே விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.