சார்ஜர் டப்பா சொல்லும் சரித்திரம்

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய சார்ஜர்கள். போன்கள் செத்து வருஷக்கணக்காகிறது, சார்ஜர்கள் மட்டும் சாகவில்லை! எதுவும் இப்போதைய போனில் நுழையாது. ஏன் இந்தக் கூத்து என்று தேடினேன்.

நோக்கியாவிலேயே முதலில் தடி பின், பிறகு மெல்லிய பின். மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு. சுமார் 30 வகை என்றது ஐரோப்பிய ஆணையம். அது கூப்பிட்டுப் பேசியதில், 2009 ஜூனில் 10 கம்பெனிகள் மைக்ரோ யூ.எஸ்.பி.க்கு ஒப்புக்கொண்டன. ஆப்பிளும்தான்! ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு சந்து இருந்தது: அடாப்டர் கொடுத்தாலே போதும். 2012ல் ஐபோன் 5 தனக்கென்று லைட்னிங் துளையோடு வந்தது.

கெஞ்சினால் நடக்காது என்று புரிந்தது. 2022ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டது: ஆதரவு 602, எதிர்ப்பு 13. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புது போன்களில் டைப்-சி கட்டாயம். ஆப்பிள் 2023லேயே ஐபோன் 15ல் மாறிவிட்டது.

பி.காம். படிக்கிற எனக்கு இதில் தெரிவது கணக்குதான். கம்பெனி மாறினால் சார்ஜர், கேபிள் எல்லாம் தண்டம். அந்தச் செலவுக்குப் பயந்தே பழைய கம்பெனியில் தங்கிவிடுகிறோம். துளை சின்னதுதான், நம்மைக் கட்டிப்போடும் கயிறு அது.

கயிறு இன்னும் முழுசாக அறுபடவில்லை. டைப்-சி துளை இருந்தும், சில போன்கள் தங்கள் கம்பெனி சார்ஜரில் மட்டுமே முழு வேகத்தில் ஏறும். அதனால் போன் வாங்கும்போது மெகாபிக்சலோடு இதையும் கேளுங்கள்: "அடுத்தவர் சார்ஜரில் எத்தனை வாட் ஏறும்?"