பேசத் தெரியாதவர்களின் வலி

1985ஆம் வருடம் அமெரிக்காவின் வாஷிங்டனில் குறைமாதத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவே, வயிற்றில் இருக்கும்வரை ஒரு இணைப்பு உண்டு. பிறந்தபிறகு அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் குழந்தைக்கு மூடவில்லை. மார்பைக் கிழித்து ஆபரேஷன் செய்தார்கள். சில வாரங்களில் குழந்தை இறந்துவிட்டது.

அதன்பிறகுதான் தாய்க்கு விஷயம் தெரியவந்தது. ஆபரேஷனின்போது குழந்தைக்குக் கொடுத்தது பான்குரோனியம் மட்டும். இது உடம்பை அசையவிடாமல் கட்டிப்போடும் மருந்து, அவ்வளவுதான். வலியை அது தொடவே தொடாது. அதாவது கத்திபட்டது தெரியும், கத்தத்தான் முடியாது! கேட்டால், குறைமாதக் குழந்தைகளுக்கு வலி தெரியும் என்று யாரும் நிரூபிக்கவில்லையே என்று பதில் வந்தது. அந்தத் தாய் பல இடங்களுக்குக் கடிதம் எழுதினார். 1986ல் வாஷிங்டன் போஸ்ட் இதை வெளியிட்டபோது, இது ஒரு ஆஸ்பத்திரியின் தவறல்ல, பரவலான வழக்கம் என்பது வெளியே வந்தது.

இத்தனைக்கும் மயக்க மருந்து ஒன்றும் புதிதல்ல. பாஸ்டனில் ஈதரைக் கொடுத்து எல்லோர் முன்னாலும் ஆபரேஷன் செய்து காட்டியது 1846லேயே. பிறகு ஏன் இப்படி?

டாக்டர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மை அப்படியில்லை. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஹாலோதேன் போன்ற மயக்க வாயுவைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். மார்ஃபின் கொடுத்தால் மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. வலி தெரிந்து பிழைப்பதா, வலி தெரியாமல் சாவதா என்றால் யாராக இருந்தாலும் முதலாவதைத்தானே எடுப்பார்கள்? அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்குத் துணையாக ஒரு சமாதானத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். பச்சிளம் குழந்தையின் நரம்புகள் முழுதாக வளரவில்லை, ஆகவே அதற்கு வலியே தெரியாது என்பதுதான் அது. 1941ல் மிர்ட்டில் மெக்ரா என்ற ஆய்வாளர் குழந்தைகளை ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்து, பிறந்த புதிதில் சில குழந்தைகள் சரியாக எதிர்வினை காட்டவில்லை என்று எழுதியதும் இந்தச் சமாதானத்துக்கு வசதியாகப் போயிற்று.

இதை உடைத்தவர் ஒரு இந்தியர். கன்வல்ஜீத் சிங் ஆனந்த். இந்தூரில் எம்.பி.பி.எஸ். முடித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அங்கே பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆபரேஷனுக்குப் போகும்போது ஓரளவு நன்றாக இருந்த குழந்தைகள், திரும்பி வரும்போது வெளுத்துப்போய், நாடி தளர்ந்து வந்தன. தியேட்டருக்குள் என்னதான் நடக்கிறது என்று போய்ப் பார்த்தார். அவற்றுக்குக் கிடைத்த மயக்க மருந்து மிகச் சொற்பம்.

குழந்தையிடம் வலிக்கிறதா என்று கேட்க முடியாது. ஆனால் ரத்தத்தைக் கேட்கலாம் அல்லவா? வாஷிங்டன் குழந்தைக்கு நடந்த அதே ஆபரேஷன் தேவைப்பட்ட 16 குறைமாதக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான நைட்ரஸ் ஆக்சைடும், தசையைத் தளர்த்தும் மருந்தும் உண்டு. 8 பேருக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலிநிவாரணி. அது கிடைக்காதவர்களின் ரத்தத்தில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்களும் சர்க்கரையும் எகிறின. ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987 ஜனவரியில் 'லான்செட்' இதழில் இது வந்தது. அந்த வருடமே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, வயதை மட்டும் காரணம் காட்டி மயக்க மருந்தை மறுக்கக்கூடாது என்று அறிவித்தது.

1992ல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட அதிரவைப்பது. ஆனந்தும் பாஸ்டனைச் சேர்ந்த ஹிக்கியும் செய்தது. இதய ஆபரேஷன் ஆன 45 பச்சிளம் குழந்தைகள். 30 பேருக்கு ஆபரேஷனின்போதும், அடுத்த ஒரு நாளும் சக்திவாய்ந்த வலிநிவாரணி. 15 பேருக்கு அன்றைய வழக்கப்படி லேசான மயக்கமும், பிறகு அவ்வப்போது மார்ஃபினும். முதல் குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. இரண்டாவதில் 4 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை சின்னதுதான். ஆனாலும் வலியைப் போக்குவது வெறும் கருணை விஷயம் என்று அதன்பிறகு யாராலும் ஒதுக்கமுடியவில்லை.

வலியை அளக்கவும் வழி தேவைப்பட்டது. 1990களில் முகச்சுளிப்பு, அழுகை, இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவு இவற்றுக்கு மார்க் போடும் அட்டவணைகள் வந்தன. இன்றைக்கு ஒரே மருந்தை நம்பியிருப்பதில்லை. பாராசிட்டமால், முதுகின் கீழ்ப்பகுதியில் போடும் மரத்துப்போகும் ஊசி, மானிட்டரை வைத்துக்கொண்டு சொட்டுச்சொட்டாக மார்ஃபின் என்று கலந்து கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் குறைந்த அளவில் போதும், பக்கவிளைவும் குறையும்.

ஆனால் பழைய டாக்டர்களின் பயம் வீண்பயம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கண் பரிசோதனை, குதிகாலில் ரத்தம் எடுப்பது போன்ற சின்னச்சின்ன வலிகளுக்கு மார்ஃபின் உதவுமா என்று, அதே ஆக்ஸ்ஃபோர்டில் குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். மூச்சுத் தொந்தரவு அதிகமாக, 31 குழந்தைகளோடு பாதியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. வலி குறைந்ததாகவும் தெரியவில்லை. 2018ல் அந்த முடிவும் அதே 'லான்செட்'டில்தான் வந்தது.