முடியாச் செயலும் முன்னே முடிந்த வணக்கமும்

செய்து முடித்தவற்றைச் சொல்வது எந்த மொழிக்கும் எளிது. செய்து முடியாதவற்றைச் சொல்வதிலேதான் மொழிகள் தம் தனித்தன்மையைக் காட்டுகின்றன. தொடங்கி நடப்பது, தொடங்காமல் எஞ்சி நிற்பது, நடக்கும் என்று நம்பப்படுவது, என்றும் நடந்துகொண்டே இருப்பது ஆகியவை யாவும் முடியாச் செயல்களே. ஆயினும் இவை ஒரே தன்மையன அல்ல. இவற்றை வேறுபடுத்திக் காட்டத் தமிழ் எவ்வழிகளைக் கண்டது, அவ்வழிகள் காலந்தோறும் எவ்வாறு மாறின என்பதும், தென்காசி, குற்றாலம் ஆகிய இரண்டு ஊர்களின் இலக்கிய வரலாற்றில் அம்மாற்றங்கள் எவ்வாறு பதிந்துள்ளன என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

கம்போசத்து வினை

ஒரு மொழியின் இயல்பை மற்றொரு மொழியின் அருகே வைத்துக் காணும்போது அது தெளிவுபெறும். கம்போடிய நாட்டின் கெமர் மொழி தமிழோடு இனவுறவு உடையது அன்று. அது ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. மேகாலயத்துக் காசி மொழியும் சோட்டா நாகபுரிப் பகுதியின் முண்டா மொழிகளும் அதன் உறவினர். எனினும் அதன் எழுத்து, பல்லவர் கால எழுத்தின் வழித்தோன்றல். அங்கோர் போரேயில் கிடைத்த, கி.பி. 611ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டே காலம் குறிக்கப்பெற்ற கெமர்மொழிக் கல்வெட்டுகளுள் மிகப் பழையது.

கெமர் வினைச்சொல் காலத்துக்கேற்பத் திரிவதில்லை. விகுதியும் இல்லை, இடைநிலையும் இல்லை. ‘உண்’ என்னும் பொருளுடைய சொல் நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்கும் ஒரே வடிவில் நிற்கும். முடிந்தது, முடியாதது என்னும் வேறுபாட்டைப் பக்கத்தில் நிற்கும் சிறுசொற்களே காட்டும். வினைக்கு முன் ‘நுங்’ என்பது வந்தால் இனி நிகழும் என்பது பொருள். ‘கம்பொங்’ வந்தால் நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். வினைக்குப் பின் ‘ஹாய்’ வந்தால் ஆயிற்று என்பது பொருள். (இவ்வொலிபெயர்ப்புகள் தமிழெழுத்தில் அமைந்த தோராயமானவை.)

இனி நிகழவேண்டியது இன்னும் நிகழவில்லை என்பதற்கு அம்மொழி ‘மின் தோன்’ என்னும் தொடரை ஆள்கிறது. ‘மின்’ என்பது எதிர்மறை. ‘தோன்’ என்பது உரிய நேரத்தில் வந்து சேர்தல், எட்டிப் பிடித்தல் என்னும் பொருளுடையது. எனவே, செயல் இன்னும் தன் காலத்தை எட்டவில்லை என்பதே அத்தொடரின் உட்பொருள் எனலாம். கம்போடியர் ஒருவரையொருவர் காணும்போது சோறுண்டதைப் பற்றிக் கேட்கும் வினாவும் சுவையானது. ‘ஆயிற்றா, எஞ்சியுள்ளதா?’ என்பதே அவ்வினாவின் அமைப்பு. எச்சத்தைக் குறிக்க அங்கு வரும் ‘நௌ’ என்னும் சொல்லுக்கு இருத்தல், தங்குதல் என்பனவும் பொருள்களாகும்.

நெல்லைச் சீமையில் விருந்தினரை வரவேற்போர் கேட்கும் ‘சாப்பிட்டாச்சா?’ என்னும் வினா இவ்விடத்தில் நினைவுக்கு வரும். ‘ஆயிற்று’ என்னும் வினையே அங்கும் முடிவைக் காட்டுகிறது. விடை கூறுவோர், ‘இனிமேத்தான்’ என்பர். இல்லை என்று மறுக்காமல், இனி உண்டு என்று கூறி இன்மையை உணர்த்தும் விடை இது. இனவுறவில்லாத இரு மொழிகள், சோற்றைப் பற்றிய ஒரே வினாவில் முடிவையும் எச்சத்தையும் எதிரெதிர் நிறுத்துவது எண்ணத்தக்கது.

முற்றும் எச்சமும்

தமிழிலக்கணம் வினையை முற்று என்றும் எச்சம் என்றும் பகுத்தது. இப்பெயர்களைக் கண்டு முற்று என்பது முடிந்த செயல், எச்சம் என்பது முடியாத செயல் என்று கொள்ளுதல் பிழை. ‘நாளை வருவான்’ என்பதில் வருகை இன்னும் நிகழவில்லை. ஆயினும் ‘வருவான்’ என்பது முற்று. ‘வந்து அமர்ந்தான்’ என்பதில் வருகை நிகழ்ந்து முடிந்துவிட்டது. ஆயினும் ‘வந்து’ என்பது எச்சம். முற்றும் எச்சமும் தொடரின் முடிவைப் பற்றியன. செயலின் முடிவைப் பற்றியன அல்ல. செயலின் முடிவையும் முடியாமையையும் காட்டத் தமிழ் வேறு கருவிகளைத் தேடிக்கொண்டது.

தொல்காப்பியர் காலம் மூன்று என்றார். ஆயினும் சங்கச் செய்யுட்களை நோக்கினால், இறந்தகால வடிவம் ஒருபுறமும் இறவாக்கால வடிவம் மறுபுறமுமாக நிற்கும் நிலையே பெரும்பாலும் காணப்படுகிறது. ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினை நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவாக அமைந்தது. ‘கின்று’ என்னும் நிகழ்கால இடைநிலை தொகை நூல்களில் மிக மிக அரிது. பிற்பட்டதாகக் கருதப்படும் பரிபாடல் போன்றவற்றிலேயே அது தலைகாட்டுகிறது. பத்தி இலக்கியக் காலத்தில் அது பெருகி வழங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ‘ஆநின்று, கின்று, கிறு’ என மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாக வகுத்துரைத்தார்.

இவற்றுள் ‘ஆநின்று’ என்பதன் பிறப்பு வெளிப்படை. ‘செய்யாநின்றான்’ என்னும் சொல்லில் ‘நில்’ என்னும் வினை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு செயலின் நடுவே ஒருவன் நிற்கும் நிலையே அச்செயலின் முடியாமைக்கு அடையாளமாயிற்று. உரையாசிரியர்களின் உரைநடையில் பெருவழக்காக இருந்த அவ்வடிவம் பின்னர் மறைந்தது. அதன் இடத்தை ‘செய்துகொண்டிருக்கிறான்’ என்னும் வடிவம் பிடித்தது. ‘நில்’ போய் ‘இரு’ வந்தது. கெமர் மொழியிலும் இருத்தலைக் குறிக்கும் சொல்லே எச்சத்தைக் காட்டும் என்பதை முன்னர்க் கண்டோம். முடியாமையை நிற்றலாகவும் இருத்தலாகவும் காண்பது மனித மனத்தின் பொதுவியல்பு போலும்.

எதிர்மறையிலும் இத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. ‘உண்டிலன்’ என்னும் பழைய வடிவத்தில் இறந்தகாலக் குறி உள்ளது. அதன் இடத்தில் இன்று வழங்கும் ‘உண்ணவில்லை’ என்பதில் காலக்குறி இல்லை. திணை, பால், இடம் காட்டும் விகுதியும் இல்லை. நேற்று உண்ணவில்லை, இன்னும் உண்ணவில்லை என்னும் இரண்டிற்கும் வினை ஒன்றே. முன்னது முடிந்துபோன இன்மை. பின்னது நிறைவேறக் காத்திருக்கும் இன்மை. இரண்டையும் பிரிப்பது ‘இன்னும்’ என்னும் ஒரு சொல்லே. வினை இழந்ததை அப்பக்கச்சொல் ஈடுசெய்கிறது. இவ்வளவில் தமிழும் கெமரின் வழியில் ஓரடி நடந்திருக்கிறது என்று கூறினும் பொருந்தும்.

மலையும் அருவியும்

முடியாச் செயல்களுள் ஒருவகை, என்றும் முடியாதது. முக்காலத்துக்கும் பொதுவான இயற்கையை ‘செய்யும்’ என்னும் பொதுவினையாற் கூறவேண்டும் என்பது தொல்காப்பிய விதி. மலை நிற்பதையும் ஆறு ஓடுவதையும் உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். மலை நேற்று நின்றது, இன்று நிற்கிறது, நாளை நிற்கும். மூன்று காலத்தையும் ஒரு சொல்லில் அடக்க வேண்டுமாயின் ‘நிற்கும்’ என்பதே தக்கது.

இவ்விதிக்குத் திருக்குற்றாலக் குறவஞ்சியைவிடச் சிறந்த இலக்கியம் காண்பது அரிது. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சார்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய நூல் அது. முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் (ஆட்சி 1706–1732) கவிராயருக்கு அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் பெற்றது. குரங்குகளின் காதலில் தொடங்கிக் குறத்தி தன் மலைவளம் கூறும் புகழ்பெற்ற பாட்டில் முற்றுவினைகள் ஆறு. அவற்றுள் நான்கு ‘உம்’ ஈறு பெற்றவை. இரண்டு எதிர்கால வடிவின. ‘கின்று’ என்பதோ ‘கிறு’ என்பதோ ஓரிடத்தும் இல்லை. கவிராயர் காலத்தில் அவ்விடைநிலைகள் நாட்டு வழக்கில் ஊன்றிவிட்டன. இருந்தும் அவர் அவற்றை ஆளவில்லை. அருவி இப்பொழுது விழுகிறது என்று சொல்லியிருந்தால் அது ஒருநாட் காட்சியாக முடிந்திருக்கும். ‘உம்’ ஈற்றால் அது எந்நாளும் விழும் அருவியாயிற்று. ஆண்டுதோறும் சாரல் காலத்தில் அருவியில் நனைவோருக்கு அப்பாட்டு அன்றன்று புதிதாகத் தோன்றுவதற்கு இச்சிறு ஈறும் ஒரு காரணமாகும்.

அந்நூலின் கதையமைப்பிலும் ஒரு முடியாமை உண்டு. பந்தாடும் வசந்தவல்லி குற்றாலநாதரின் உலாவைக் கண்டு காதல் கொள்கிறாள். குறத்தி கைபார்த்து, அவள் விரும்பியது கைகூடும் என்று குறி சொல்கிறாள். அதன்பின் கதை சிங்கனையும் சிங்கியையும் தொடர்ந்து செல்கிறது. தலைவி தலைவனை அடைந்தாள் என்று நூல் எங்கும் கூறவில்லை. அவளுக்குக் கிடைத்தது குறி மட்டுமே. அக்குறியின் உறுதியே நிறைவேற்றத்தின் இடத்தில் நிற்கிறது.

தென்காசிக் கல்வெட்டு

குறவஞ்சிக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன், குற்றாலத்துக்கு ஒரு கூப்பிடு தொலைவில், இக்காலச் சிக்கலை வேறொருவர் எதிர்கொண்டார். அவர் தென்காசிப் பாண்டியருள் தலைசிறந்த பராக்கிரம பாண்டியர் (ஆட்சி 1422–1463). 1446ஆம் ஆண்டில் விசுவநாதர் கோயிலை எடுக்கத் தொடங்கினார். அடுத்துப் பெருங்கோபுரத்துக்கும் அடியிட்டார். கோபுரம் முடியுமுன் அவர் வாழ்வு முடிந்தது. எஞ்சிய பணியை அவர் தம்பி குலசேகர பாண்டியர் நிறைவு செய்தார்.

கோயிலில் பராக்கிரம பாண்டியர் பெயரால் பொறிக்கப்பெற்ற பாடல்களுள் ஒன்று நுணுகி நோக்கத்தக்கது. இக்கோயிலுக்கு வரக்கூடாத குற்றம் ஒன்று வருமாயின், அப்போது வந்து அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும், அவரை உலகறியப் பணிந்ததாக அவர் கூறுகிறார். பாடலின் கருத்து இவ்வளவே. ஆயின் அதன் காலங்கள் வியப்புக்குரியன. குற்றம் வருவது ஐயத்துக்குரிய எதிர்காலம். அதனைக் காப்பவர் உறுதியான எதிர்காலம். அவர்கள் இன்னும் பிறக்கவில்லை. அவர்தம் பணி தொடங்கவும் இல்லை. பாண்டியரின் வணக்கமோ இறந்தகாலம். அது செய்து முடிக்கப்பட்டுவிட்டது.

எதிர்காலத்தையும் நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தாற் கூறுவதைத் தொல்காப்பியர் விரைவு கருதி ஏற்றார். சோறு முடியாதிருந்தும், அழைப்பவரிடம் ‘உண்டேன், வந்தேன்’ என்று ஒருவன் கூறுவது இதற்கு வழங்கும் எடுத்துக்காட்டு. விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றையும் நன்னூலார் சேர்த்தார். ஆயினும் பாண்டியரின் இறந்தகாலம் இந்நான்கனுள் எதனோடும் முற்றப் பொருந்தவில்லை. அவர் காலத்தை மயக்கவில்லை. பணிந்தது உண்மையாகவே அன்றே முடிந்த செயல். முடியாதது மற்றவர் செய்யவேண்டிய பணியே. தம் கடமையை முன்னரே செலுத்திவிட்டுப் பிறர் கடமையை அவர் எதிர்காலத்தில் விட்டுவைத்தார். கூலியை முன்கொடுத்து வேலையைப் பின்னர்க் கேட்பதை ஒத்தது இது. கொடுக்கப்பட்டதோ ஓர் அரசரின் பணிவு. அதனைத் திருப்பித் தர இயலாது. பெற்றவர் பணிசெய்தே தீரவேண்டும்.

அப்பாடல் அஞ்சிய குற்றம் வரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து, பிளவுண்டு, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. தென்காசிச் சந்தைக்கு வந்தோரும் குற்றாலத்துக்குச் சென்றோரும் தலைமுறை தலைமுறையாக அதனை அந்நிலையிலேயே கண்டனர். இறுதியில் பலரது பொருளாலும் உழைப்பாலும் ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயரத்தில் கோபுரம் மீண்டும் எழுந்து, 1990ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. பாண்டியர் மறைந்து 527 ஆண்டுகள் கழிந்திருந்தன. முன்னரே செலுத்தப்பட்ட வணக்கம் அன்று தனக்குரியவரை அடைந்தது.

கவிஞர்க்கு ஒரு சொல்

மேற்கூறியவற்றால், எதிர்காலம் என்னும் ஒரு பெயருக்குள் தமிழ் பல நிலைகளை வைத்திருப்பது விளங்கும். நிகழ்ந்துகொண்டிருப்பதற்கு ‘கின்று’ உண்டு. என்றும் நிகழ்வதற்கு ‘உம்’ உண்டு. காத்திருக்கும் இன்மைக்கு ‘இன்னும்’ உண்டு. உறுதிக்கு இறந்தகாலமே உண்டு. இன்றைய செய்தி நடையும் அதனைப் பின்பற்றும் புதுக்கவிதையும் இவற்றையெல்லாம் விட்டு ‘கிறது’ என்னும் ஒன்றையே பற்றி நிற்பதைக் காணலாம். மழை பெய்கிறது, நிலவு காய்கிறது, மனம் அழுகிறது என்று வரிதோறும் ஒரே காலம் வருமாயின், கவிதை கண்முன் நிகழ்வதன் குறிப்பாகச் சுருங்கிவிடும். ‘கிறு’ தவறான உருபு அன்று, அதற்கும் இடமுண்டு. எல்லா இடத்தையும் அதற்கே கொடுத்தால் அருவிக்குரிய காலமும் குறிக்குரிய காலமும் பாட்டிலிருந்து நீங்கிவிடும்.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், பாடலை வாய்விட்டுப் பாடிச் சொல்லின் உயிர்ப்பைச் செவியால் உணரச் செய்தவர். குறவஞ்சிப் பாட்டில் ‘உம்’ ஈற்றை நீக்கிக் ‘கிறது’ என்பதைப் பெய்து பாடிப் பார்ப்போர்க்கு, இழப்பு ஓசையில் மட்டும் அன்று, பொருளிலும் உண்டு என்பது எளிதில் விளங்கும்.

பத்தாண்டு நிறைவு என்பது இலக்கிய வட்டம் ஒன்றுக்கு ‘ஆயிற்று’ என்று சொல்லத்தக்க நாள். எனினும் ‘இனிமேத்தான்’ என்னும் நெல்லை விடையும் அதன் பக்கத்தில் நிற்கத் தகுதியுடையது. எழுதப்படாத பாடல்கள் உள்ளன. அவற்றை எழுத வருவோரும் உள்ளனர். அவர்களுக்குரிய வணக்கத்தை இன்றே செலுத்திவைக்கும் முறையை விசுவநாதர் கோயிற் கல்வெட்டிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.