கலாஷ் மகளிரின் சடங்குத் தலையணி

இந்துகுஷ் மலைத்தொடரில், பாகிஸ்தானின் சித்திரால் பகுதியிலுள்ள பம்புரெட், ரும்பூர், பிரீர் ஆகிய மூன்று பள்ளத்தாக்குகளில் வாழும் கலாஷ் மக்களின் வரலாற்றுக்கு அவர்தம் ஆடையணிகளும் சான்றாகும். விழாக்களில் மகளிர் அணியும் ‘குபாஸ்’ என்னும் கம்பளித் தலையணி, உச்சியை மூடி முதுகில் தொங்குவது. அதிற் சோகிகள் நெருக்கமாகத் தைக்கப்பட்டுள்ளன. கடல் காணாத மலைநாட்டிற் கடற்சோகி காணப்படுவது தொலைதூர வாணிகத் தொடர்பினை உணர்த்துகின்றது.

1893ஆம் ஆண்டின் துராண்ட் எல்லைக்கோடு இவர்களைப் பிரித்தானிய இந்தியாவின் பக்கத்தில் நிறுத்தியது. அக்கோட்டுக்கப்பாலிருந்த காபிரிஸ்தானை ஆப்கானிய அமீர் அப்துர் ரஹ்மான் 1895-96இல் வென்றபின், அங்கு பழைய சமயமும் அதன் சடங்குகளும் மறைந்தன. இப்பாலோ அவை எஞ்சின. எனினும், கம்பளியில் நெய்த கருநிற அங்கியின் இடத்தைப் பிற்காலத்தில் ஆலைத்துணி பெரிதும் பெற்றுவிட்டது. ஆதலின் பழந்தலையணிகள் அணிவாரை நீங்கி அரும்பொருட் சந்தையை அடையின், எழுதப்படாத வரலாற்றின் சான்றுகளையே அச்சமூகம் இழக்க நேரிடும் எனலாம்.